கன்னி மூலையில் நாற்பது செங்கல்

ஆகஸ்ட் 4, திங்கள்

வந்துவிட்டது! பதினாலு மாதம் நடையாய் நடந்ததற்கு இன்று பதிவுத் தபாலில் துப்பாக்கி லைசென்ஸ் வந்துவிட்டது. வசந்தாமணி, வயது 47, கணவர் பெயர் நாச்சிமுத்து, தொழில் விவசாயம். போட்டோவில் ஒரு கண் பாதி மூடியிருக்கிறது. இருக்கட்டும், இன்னொரு கண் திறந்துதானே இருக்கிறது.

அது அப்பாவின் ரெட்டைக்குழல் துப்பாக்கி. அவர் போன வருடம் வைகாசியில் போனார். அன்றிலிருந்து அது போலீஸ் ஸ்டேஷனில் கிடக்கிறது. நான் அவருக்கு ஒரே பிள்ளை. இந்தத் தென்னந்தோப்பு என் வீட்டுக்காரர் பெயரில், கார் பெங்களூரில் இருக்கும் மகன் பெயரில், கேஸ் கனெக்‌ஷன் செத்துப்போன மாமனார் பெயரில். என் பெயரில் இதுவரை ஆதார் அட்டை ஒன்றுதான் இருந்தது. இனிமேல் ஒரு துப்பாக்கி!

இவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு மூன்று முறை படித்துவிட்டு, "பன்னி உன்ற சத்தத்துக்கே ஓடிருமே அம்மிணி. துப்பாக்கி வேற எதுக்கு?" என்றார். தோப்பில் நட்ட கன்றையெல்லாம் காட்டுப்பன்னி தோண்டிப் போடுகிறது, அதற்கு இவர் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடுகிறார். பேச்சைப் பார்.

கடிதத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. முப்பது நாளுக்குள் வீட்டில் துப்பாக்கியைத் திருட்டுப் போகாமல் வைக்க வசதி செய்து, எஸ்.ஐ. வந்து பார்த்து, சரி என்று எழுத வேண்டும். இல்லையென்றால் லைசென்ஸ் ரத்து. துப்பாக்கி மாவட்ட ஆயுதக் கிடங்குக்குப் போய்விடும். கிடங்குக்குப் போனது திரும்பி வந்ததாக இந்தப் பக்கம் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கடைசி நாள் செப்டம்பர் 3.

வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டேன். பொழுதோடு, விளக்கு வைக்கும் நேரத்தில் பார்த்தபோது 143 பேர் பார்த்திருந்தார்கள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கோயமுத்தூர் கடைக்கு போன் போட்டு லாக்கருக்குச் சொல்லிவிட்டேன். துப்பாக்கிக்கென்றே செய்தது. ஐந்தடி உயரம், தொண்ணூற்றிரண்டு கிலோ, நம்பர் அழுத்தினால் திறக்கும், கூடவே சாவியும் உண்டு. நாளைக்கே அனுப்புகிறேன் என்றான் கடைக்காரப் பையன்.

இவர் குறுக்கே விழுந்தார். "ஆடி மாசத்துல பெட்டி எறக்கறதா? ஆவணி பொறக்கட்டும்."

"முப்பது நாள்தானுங்க கெடு. ஆடி முடியறதுக்குள்ள பதிமூணு நாள் போயிரும்."

"போனாப் போவுது. ஆடியில எறக்குனா பெட்டியே போயிரும்."

வாஸ்து, நாள், நட்சத்திரம், பல்லி சொன்ன பலன், எதையும் விடமாட்டார் இந்த மனிதர். போராடிப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டேன். ஆவணி முதல் தேதி, பதினேழாம் தேதி ஞாயிறு.

ஆகஸ்ட் 7, வியாழன்

லாக்கர் வரப்போவதை யாரிடமும் சொல்லவில்லை. பால் சொசைட்டி கண்ணாத்தாளிடம் மட்டும் சொன்னேன். தையல்காரம்மா கேட்டதால் அவரிடமும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பன்னி பதினோரு கன்றைத் தோண்டிவிட்டது. இவர் தகரம் தட்டியதில் பக்கத்துத் தோட்டத்து நாய்தான் ஓடிற்று. எனக்கு நாள் நகரவே மாட்டேன் என்கிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்றைய நாளை எப்படி எழுதுவது! காலை ஒன்பதே காலுக்கு மினிலாரி வந்து வாசலில் நின்றது. நான்கு பேர் கயிறு கட்டி இறக்கினார்கள். கரும்பச்சை நிறம். மூடியே இருந்தாலும் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

எங்கே வைப்பது என்ற பேச்சே எழவில்லை. கன்னி மூலைதான், அதாவது வீட்டின் தென்மேற்கு மூலை, எங்கள் படுக்கை அறை. பெட்டியின் முகம் குபேரன் திசையான வடக்கைப் பார்க்க வேண்டும். இவர் செல்போனில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, "சித்தெ இடது பக்கம், சித்தெ வலது பக்கம்" என்று அந்த நான்கு பேரையும் அரைமணி நேரம் ஆட்டி வைத்தார். பிறகு சந்தனப் பொட்டு, சூடம், தேங்காய். நான் பட்டுச்சேலை கட்டினேன். தெருவே வந்துவிட்டது. முப்பது பேருக்குக் கேசரி கிண்டினேன். வந்தவர்கள் எல்லோரும் கேட்டதால் எப்படித் திறப்பது, எப்படி மூடுவது என்று ஐந்தாறு தடவை செய்து காட்டினேன். நம்பரை மட்டும் கையால் மறைத்துக்கொண்டுதான் அழுத்தினேன். நான் என்ன விவரம் இல்லாதவளா?

எல்லோரும் போனபின் இவர் லாக்கர் முன்னால் நின்றார். "1978" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உன்ற பொறந்த வருசம். உனக்கு வேற எந்த நம்பர் நெனப்புல நிக்கும்?"

உடனே மாற்றிவிட்டேன். புது நம்பர் என்னவென்று அவர் கேட்கவும் இல்லை, நானும் சொல்லவில்லை. லாக்கர் பக்கத்தில் நின்று எடுத்த போட்டோவை ஸ்டேட்டஸ் போட்டேன். 201 பேர்!

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பேனாவை அழுத்தி அழுத்தி எழுதுகிறேன். கோபத்திலா வெட்கத்திலா, எனக்கே தெரியவில்லை.

எஸ்.ஐ. வந்தார். பெயர் மரகதம், மதுரைப் பக்கத்துக்காரர், முப்பது வயதுதான் இருக்கும். வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, நான் வழிகாட்டும் முன்பே நேராக எங்கள் படுக்கை அறைக்குள் போய் நின்றார்.

"இந்த ரூமுன்னு யாரு சொன்னாங்க?" என்றேன்.

"யாரு சொல்லணும்க்கா? இந்த ஊர்ல எல்லா வீட்லயும் பீரோ கன்னி மூலையிலதான். எங்க அம்மா வீட்லயும் அங்கதான். களவாணிப் பயலுக்கும் அம்மா வீடு இருக்குமில்ல?"

பிறகு லாக்கரின் தலையில் ஒரு கையை வைத்துத் தள்ளினார். அது ஆடிற்று. தொண்ணூற்றிரண்டு கிலோ லாக்கர், ஒரு பெண்பிள்ளை கை வைத்ததற்கு ஆடிற்று!

"எத்தன பேரு எறக்குனாங்க?"

"நாலு பேரு."

"அப்ப நாலு பேரு ஏத்திரலாம். ஒடைக்கவே வேணாம். அப்படியே தூக்கிட்டுப் போயி தோப்புக்குள்ள வச்சு நிதானமா அறுப்பாங்க." நோட்டில் ஏதோ எழுதினார். "இது இருக்கறது யார் யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதுங்க" என்றேன்.

அவர் தன் செல்போனை எடுத்து என் முன்னால் நீட்டினார். அதில் நான், பட்டுச்சேலையில், லாக்கர் பக்கத்தில், பல்லெல்லாம் தெரிய. பின்னால் ஜன்னலும், ஜன்னலுக்கு வெளியே எங்கள் மோட்டார் ரூமும் பளிச்சென்று தெரிந்தன. "எனக்கு மூணு பேரு அனுப்பிட்டாங்கக்கா" என்றார். இவர் அந்தப் பக்கம் திரும்பித் துண்டால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பு.

சரியில்லை என்று எழுதிவிட்டார். மறுபடி 28ஆம் தேதி வருவாராம். அதுதான் கடைசி. லாக்கரைத் தரையோடும் சுவரோடும் முடுக்க வேண்டும், தோட்டாவுக்குத் தனிப்பெட்டி வேண்டும், நம்பரும் சாவியும் லைசென்ஸ்காரரான என்னிடம் மட்டும்தான் இருக்க வேண்டும், சாவி அரிசி டிரம்மிலோ சாமிபடத்துக்குப் பின்னாலோ இருக்கக்கூடாது. (அரிசி டிரம்மில்தான் இருந்தது. எப்படிக் கண்டுபிடித்தார்?) ஆனைமலையில் பட்டறை வைத்திருக்கும் அருளானந்தம் என்பவரின் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 20, புதன்

விடியக்காலையில் அடுப்பில் பால் பொங்கியபோது தோன்றியது. கன்னி மூலையில்தான் இருக்கும் என்று உலகத்துக்கே தெரியும் என்றால், எந்த மூலையில் இருக்காது என்றும் உலகத்துக்கே தெரியும். ஈசானி மூலை! வடகிழக்கு. அங்கே எங்கள் சாமி அறை. அதில் துரும்புக்கு மேல் கனமாக எதையும் யாரும் வைக்க மாட்டார்கள். எவனும் தேடவும் மாட்டான்.

பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் இவரிடம் சொன்னேன்.

"ஈசானியில பாரமா?" இவர் குரல் தோப்புக்கே கேட்டது. "குடும்பம் வெளங்குமா? உனக்குப் புத்தி கித்தி பெசகிப்போச்சா?"

"துப்பாக்கி போனா லைசென்ஸ் போவும், என்ற மேல கேஸ் வரும். அப்ப மட்டும் குடும்பம் வெளங்குமாங்க?"

"அந்தத் துப்பாக்கியே வேண்டாம்னு எழுதிக் குடுத்துரு."

அதைச் சொல்லியிருக்கக்கூடாது. அப்பா அந்தத் துப்பாக்கியை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எண்ணெய் போட்டுத் துடைப்பார். துணியைப் பிடித்துக்கொள்ள என்னைத்தான் கூப்பிடுவார். பெண்பிள்ளை தொடக்கூடாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கு அப்பாவென்று மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். இவருக்கு அது எங்கே தெரியப்போகிறது. பால் பொங்கி அடுப்பு அணைந்து கேஸ் நாற்றம் வேறு.

ஆகஸ்ட் 21, வியாழன்

பேச்சு இல்லை. இவர் காலைச் சாப்பாட்டை பேக்கரியில் முடித்துக்கொண்டார். போகட்டும். நான் மட்டும் இட்லிக்குக் கறிக்குழம்பு வைத்துச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சமாதானம். இவர்தான் முதலில் வந்தார். கிட்டுசாமி ஜோசியரிடம் கேட்டாராம். ஈசானியில் இரும்பு வைத்தே தீரவேண்டுமென்றால், அதைவிடக் கனமான ஒன்று கன்னி மூலையில் இருந்துவிட்டால் தோஷம் இல்லையாம். கன்னி மூலை காலியாக மட்டும் இருக்கக்கூடாதாம்.

அந்த ஜோசியர் நன்றாக இருக்கட்டும்! இவர் சொல்லி முடிக்கும் முன்பே எனக்கு அடுத்த யோசனை வந்துவிட்டது. தோப்புக் கொட்டகையில், சாளையில், உரமூட்டைக்குப் பக்கத்தில் என் கல்யாணச் சீருக்கு வந்த பழைய பீரோ கிடக்கிறது. அதைக் கொண்டுவந்து கன்னி மூலையில் நிறுத்தி, உள்ளே செங்கல்லை அடுக்கி, வெளியே பெரிய பித்தளைப் பூட்டு போட்டால்? வருகிறவன் அதைத்தானே பார்ப்பான்?

"கன்னி மூலையில செங்கல்லா?" என்று இவர் முனகினார். "செங்கல்லு ஆகாதம்மிணி."

"கனமா இருக்கோணும்னு நீங்கதானுங்க சொன்னீங்க?"

நாற்பது செங்கல். நானே எண்ணி அடுக்கினேன். பூட்டின் சாவியை இவரிடமே கொடுத்துவிட்டேன். பாவம், எதற்காவது ஒன்றுக்கு அவர் காவலாக இருக்கட்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அருளானந்தம் இரண்டு ஆட்களோடு வந்தார். குட்டையான மனிதர், குறைவாகப் பேசுகிறவர். சாமி அறைப் படி ஏறும்போது செருப்போடு சட்டைப்பையில் இருந்த பீடிக்கட்டையும் வெளியே வைத்துவிட்டு வந்தார். லாக்கரைப் படுக்கை அறையிலிருந்து அங்கே நகர்த்தி நிறுத்தி, காங்கிரீட் தரையில் நான்கு ஆங்கர் போல்ட், பின்சுவரில் இரண்டு. டிரில் மிஷின் போட்ட சத்தத்தில் முருகன் படம் ஆணியோடு கழன்று விழப் பார்த்தது. இவர் பாய்ந்து பிடித்தார். சாமிகளெல்லாம் சிமெண்ட் தூசியில் வெளுத்துப் போனார்கள். லாக்கருக்கு முன்னால் பலகைக் கதவு வைத்து, அதில் சாமிபடங்களை மாட்டியாகிவிட்டது. கதவைத் தொட்டால் சைரன் அலறும்.

"இப்ப நாலு பேரு வந்தா?" என்று கேட்டேன்.

"நாப்பது பேரு வந்தாலும் ஊட்டோடதான் தூக்கோணும்" என்றார் அருளானந்தம்.

அவர் கைகழுவப் போனபோது இவர் தன் சொந்த ஸ்பேனரைக் கொண்டுவந்து ஆறு போல்ட்டையும் ஒவ்வொன்றாக மறுபடி முடுக்கினார். எதிலும் நம்பிக்கை இல்லாத மனிதர்.

ஒரு விஷயம் மிச்சம் இருந்தது. லாக்கர் எங்கள் வீட்டில் இருப்பது 201 பேருக்குத் தெரியுமே! அதற்கும் வழி கண்டுபிடித்தேன். லாக்கர் வந்த அட்டைப்பெட்டியை அப்படியே ஒட்டிக் கயிறு கட்டி, பட்டப்பகலில் அருளானந்தத்தின் வண்டியில் ஏற்றி அனுப்பினேன். வெறும் பெட்டியை நாலு பேர் முக்கி முனகித் தூக்குவதுபோல் நடிக்க வேண்டியிருந்தது. இவர்தான் நன்றாக நடித்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 25, திங்கள்

என் வாய்க்கு முதல் தடவையாக ஒரு வேலை கொடுத்தேன். பால் சொசைட்டியில் கண்ணாத்தாளைத் தனியாகக் கூப்பிட்டு, "எஸ்.ஐ.யம்மா லாக்கர் செரியில்லைன்னு சொல்லிப்போட்டாங்க, கோயமுத்தூருக்கே திருப்பி அனுப்பிட்டேன். துப்பாக்கி வந்தா எங்கம்மா ஊட்டுச் சீர் பீரோவுலதான் வெப்பேன். பெரிய பூட்டாப் போட்டிருக்குது. யாருகிட்டயும் சொல்லீராதீங்க" என்றேன்.

"நான் எதுக்குச் சொல்றேன்?" என்றாள் கண்ணாத்தாள்.

பொழுது சாய்வதற்குள் தையல்காரம்மா போனில் கேட்டார், "பீரோவுல வெச்சாப் போதுமாங்க்கா?" என்று.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஜெயித்துவிட்டேன்!

எஸ்.ஐ. மரகதம் வந்ததும் நான் ஒன்றும் பேசாமல் காப்பி போடப் போனேன். அவர் நேராகக் கன்னி மூலைக்குப் போனார். பீரோவைத் திறக்கச் சொன்னார். செங்கல்! அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன்; அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே. கூட வந்த ஏட்டையாவும் அவரும் கட்டிலுக்கு அடியில், பரண்மேல், குளியலறையில் என்று தேடினார்கள். சாமி அறையில் எஸ்.ஐ. படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக்கூடப் போனார்.

"எங்கக்கா?" என்றார் கடைசியில்.

"நீங்க கும்பிட்ட எடத்துலதானுங்க" என்றேன்.

போல்ட்டை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. சைரன் அடித்ததில் ஏட்டையா காப்பியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். 'திருப்திகரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தச் சொல்லை நான் நான்கு முறை படித்தேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

அப்பாவின் துப்பாக்கி வீட்டுக்கு வந்துவிட்டது. ஸ்டேஷனில் உறையைப் பிரித்தபோது அதே எண்ணெய் வாசம். அழுதுவிட்டேன். எஸ்.ஐ. கையெழுத்துக்கு அவசரப்படுத்தாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூட்டினேன். தோட்டாவைத் தனிப்பெட்டியில் பூட்டினேன். ஸ்டேட்டஸ் போட எழுத்தெல்லாம் அடித்துவிட்டேன், பிறகு அழித்துவிட்டேன். விரல் அரித்தது. ஆனாலும் அழித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பொழுதோடு ஆறரைக்குப் பன்னி வந்தது. ஏழு உருப்படி. வானத்தைப் பார்த்து ஒரே ஒரு வெடி. தோள்பட்டை கழன்றதோ என்று நினைத்தேன். பன்னி போன திசை தெரியவில்லை. இவர் கையிலிருந்த தகரம் போன திசையும் தெரியவில்லை. இரவுச் சாப்பாட்டில் எனக்கு மட்டும் இரண்டு முட்டை பொரித்துப் போட்டார். அதிசயம்தான்.

செப்டம்பர் 2, செவ்வாய்

இவருடைய அக்கா, அதாவது என் நங்கையா, அவர் மகளுக்குக் கல்யாணம் நாளை மறுநாள் உடுமலையில். முகூர்த்தத்துக்கு என் கூறைச்சேலையைக் கட்டலாம் என்று தேடினேன். இருபத்தாறு வருடத்துக்கு முன் என் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குச் சேலை. மர அலமாரியில் இல்லை, டிரங்குப் பெட்டியிலும் இல்லை. இவரிடம் கேட்டால், "எனக்கென்ன தெரியும், நல்லாத் தேடு" என்று எழுந்து தோப்புக்குப் போய்விட்டார். லாக்கர் கலவரத்தில் எங்கே சுருட்டி வைத்தேனோ. பச்சைப் பட்டைத் தேய்த்து வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

கல்யாணம் முடிந்து மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தோம். பொடக்காலிக் கதவு, அதாவது பின்பக்கக் கதவு, நெம்பிக் கிடந்தது. இவர் முன்னால் ஓடினார். நான் சாமி அறைக்கு ஓடினேன்.

பலகைக் கதவு மூடியபடி. காலையில் ஏற்றிய விளக்கு அணையக்கூட இல்லை. நம்பரை அழுத்துவதற்குள் மூன்று முறை தப்பு. திறந்தது. துப்பாக்கி இருந்தது! அப்படியே இருந்தது! நான் கத்திய கத்தல் ரோட்டுக்குக் கேட்டிருக்கும்.

பிறகு படுக்கை அறைக்குப் போனேன். கன்னி மூலை காலி. பீரோ இல்லை. கன்னி மூலையிலிருந்து பின்கதவு வரை தரையில் கோடு இழுத்திருந்தது. வேறு எந்த அறையிலும் அடி வைக்கவில்லை. மர அலமாரியில் நான் கழற்றிப் போட்ட வளையல்கூட அப்படியே கிடந்தது. துப்பாக்கிக்கென்றே வந்திருக்கிறார்கள். நாற்பது செங்கல்லைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்!

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இவரோ பீரோ இருந்த இடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"துப்பாக்கி பத்திரமா இருக்குதுங்க! எந்திரிங்க!"

"செரி" என்றார்.

"செங்கல்லுதானுங்க போச்சு. வேற வாங்கிக்கலாம்."

எழுந்து வெளியே போய்விட்டார். என் தாய்வீட்டுச் சீர் என்று வருத்தப்படுகிறாரோ? துருப்பிடித்த பீரோவுக்கா இவ்வளவு?

எஸ்.ஐ. வந்து எல்லாம் எழுதிக்கொண்டார். பீரோ கதையை ஊரில் பரப்பியது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். "வெத்தலை பாக்கு வச்சு அழைச்சிருக்கீங்கக்கா" என்று திட்டினார். "வீட்ல ஆளு இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்?" அதை நான் யோசிக்கவில்லை. தலைகுனிந்து கேட்டுக்கொண்டேன். சரியான திட்டுத்தான். ஆனால் போகும்போது லாக்கரை ஒருமுறை தட்டிப் பார்த்து, சிரித்துக்கொண்டே போனார்.

செப்டம்பர் 5, வெள்ளி

இவர் காலையிலும் சாப்பிடவில்லை, மதியமும் சாப்பிடவில்லை. மோட்டார் சைக்கிளில் வாய்க்கால் கரையெல்லாம் சுற்றிவிட்டு இருட்டும் நேரத்தில் வந்தார். வேட்டியெல்லாம் சேறு. எதைத் தேடுகிறீர்கள் என்று கேட்டால் மோட்டார் வால்வு என்கிறார். நல்ல வால்வு.

செப்டம்பர் 6, சனி

இதை நிதானமாக எழுத வேண்டும்.

காலை பத்து மணிக்கு எஸ்.ஐ. போன் செய்தார். தேங்காய்மட்டை ஏற்றிய மினிலாரியில் நான்கு பேரைப் பிடித்துவிட்டார்கள். பீரோ வாய்க்கால் மேட்டில், புதருக்குள் கிடக்கிறது, வந்து அடையாளம் காட்டுங்கள் என்றார். நான் சொல்லி முடிப்பதற்குள் இவர் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டார்.

பீரோ குப்புறக் கிடந்தது. பூட்டை அறுத்திருந்தார்கள். செங்கல் மேடெல்லாம் சிதறிக் கிடந்தது. அதைத் திறந்த நேரத்தில் அவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்து நான் மறுபடி சிரித்தேன். எஸ்.ஐ.யும் சிரித்தார். "எந்த ரூம்னு எப்படிடா தெரியும்னு கேட்டேன்க்கா. எல்லா ஊட்லயும் அங்கதானுங்களே இருக்கும்னு என்கிட்டயே கேக்குறான்."

ஏட்டையா கிடைத்த பொருளையெல்லாம் பட்டியல் போட்டு மகஜர் எழுதினார். இரும்பு பீரோ ஒன்று. அறுபட்ட பித்தளைப் பூட்டு ஒன்று. செங்கல் முப்பத்தெட்டு முழுசு, இரண்டு உடைந்தது. அதற்குள் ஒரு கான்ஸ்டபிள் புதருக்குள்ளிருந்து சேறும் முள்ளுமாக எதையோ தூக்கிக்கொண்டு வந்தார். "மேடம், ஒரு சேலையும் கெடக்குது."

அரக்குச் சேலை. என் கூறைச்சேலை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "இது எப்படிங்க இதுக்குள்ள வந்துச்சு?" என்று நான்தான் முதலில் கேட்டேன். எஸ்.ஐ. பேனாவை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்தார். சாவி இவரிடம்தானே இருந்தது.

இவர் துண்டைக் கையில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார். "கன்னி மூலையில வெறும் செங்கல்லு இருந்தா குடும்பம் செங்கல்லாப் போயிருமுங்க. ஜோசியரும் சொன்னாரு. ஊட்டுல இருக்கறதுலயே வெலை கூடுன பொருள் ஒண்ணு அங்க இருக்கோணும்னு. அதான், நீங்க வந்து பாத்துட்டுப் போனதுக்கப்பறம் செங்கல்லு மேல வெச்சுப் பூட்டுனேன்."

"வீட்ல நகை இல்லையாங்கய்யா?" என்று கேட்டார் எஸ்.ஐ.

"நகையெல்லாம் கடையில கெடைக்குமுங்களே" என்றார் இவர்.

ஏட்டையா எழுதுவதை விட்டுவிட்டார். இருபத்தாறு வருடம் இந்த மனிதரோடு இருந்திருக்கிறேன். வாயைத் திறந்தால் கேலி, இல்லாவிட்டால் பல்லி பலன் என்று இந்த நோட்டில் எத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். இரண்டு நாளாகச் சாப்பிடாமல் வாய்க்கால் முழுக்கச் சேற்றில் இதைத்தான் தேடியிருக்கிறார். நான் அந்த மேட்டிலேயே செங்கல்லின் மேல் உட்கார்ந்து அழுதேன். போலீஸ்காரர்கள் முன்னால் அழுதேன். வெட்கமாகவே இல்லை.

"கெழிஞ்சிருக்குதா பாரு" என்றார் இவர்.

முந்தானையில் ஒரு சாண் கிழிந்திருந்தது. "இல்லீங்க" என்றேன்.

செப்டம்பர் 8, திங்கள்

சேலை கோர்ட்டுக்குப் போகாமல் இருக்க எஸ்.ஐ. ஏதோ வழி செய்து, போட்டோ எடுத்துக்கொண்டு எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் மூன்று அலசு. சேறு போய்விட்டது. கிழிசலை நானே தைத்தேன், தையல்காரம்மாவிடம் கொடுக்கவில்லை. இவர் புதிதாக ஒரு பீரோ வாங்கக் கிளம்புகிறார், கன்னி மூலை காலியாக இருக்கக்கூடாதாம். சரி, வாங்கட்டும்.

காலையில் பால் சொசைட்டியில் கண்ணாத்தாள் காதருகே வந்து, "கூறைச்சேலை கெடைச்சிருச்சாமே, இனி எங்கீங்க்கா வெக்கறீங்க?" என்று கேட்டாள். வெளுக்கப் போட்டிருக்கிறேன் என்றேன்.

அது இருக்கும் இடம் எனக்கும் இவருக்கும் மட்டும் தெரியும். இந்த நோட்டில்கூட எழுத மாட்டேன்.